மூலைக் கட்டத்துக் கைகள்

தொலைக்காட்சியில் விவாதம் ஓடும்போது திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் தெரியும். அதற்குள் ஒருத்தி நின்றபடி கைகளால் பேசிக்கொண்டிருப்பாள். காது கேட்கிறவர்கள் அவளைப் பார்ப்பதில்லை. படத்தில் பாதியை மறைக்கிறாள் என்று சலித்துக்கொள்வதோடு சரி. காது கேளாதவர்களோ அவளை மட்டும்தான் பார்ப்பார்கள். நாட்டின் பெரிய பெரிய பிரமுகர்களெல்லாம் அவர்களுக்கு வெறுமனே வாயசைக்கும் ஆசாமிகள்.

சேனலில் அவளை எல்லோரும் மூலை அக்கா என்றார்கள். வாசல் காவலருக்கும் மூலை அக்கா, அவளைவிடப் பத்து வயது மூத்த செய்தி ஆசிரியருக்கும் மூலை அக்கா. காது கேளாதவர்களிடையே அவளுக்கு வேறு பெயர். காது மடலைப் பிடித்து லேசாக இழுத்துக் காட்டுவார்கள். வீட்டில் காது கேட்கிற ஒரே ஆள் அவள் என்பதால் வந்த பெயர் அது.

அப்பா தச்சர், அம்மா தையல்காரி. இருவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. குழந்தை வாயைத் திறந்து பேசுவதற்கு முன்பே கையால் பால் கேட்டது. நடக்கப் பழகியதும் வேலையும் தொடங்கிவிட்டது. கடைக்காரர் சொல்வதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டும், அம்மா சொல்வதைக் கடைக்காரருக்குச் சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகள் மண்ணில் வீடு கட்டி விளையாடிய வயதில் இவள் வீட்டு உரிமையாளரோடு வாடகைச் சண்டை போட்டிருக்கிறாள். சண்டை அம்மாவுடையது, குரல் மட்டும் இவளுடையது.

ஒருமுறை வங்கியில் ஒரு குமாஸ்தா, "இதுங்களுக்கெல்லாம் எதுக்குக் கணக்கு" என்று பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார். "படிவம் தீந்துபோச்சாம், நாளைக்கு வரச் சொல்றாங்க" என்று இவள் அம்மாவுக்குக் கையால் மாற்றிச் சொன்னாள். அம்மாவை ஏமாற்ற முடியுமா? காது கேளாதவர்களுக்கு எதிராளியின் முகமே பாதிச் செய்தி. வாசலுக்கு வந்ததும் மகளின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி உண்மையைப் பிடுங்கிவிட்டாள்.

"அவன் திட்டினது யாரை?" என்று அம்மாவின் கைகள் கேட்டன.

"உன்னை."

"அப்ப அது எனக்கு வர வேண்டியது. நடுவுல நீ எடுத்து வச்சிக்கிட்டா அதுக்குப் பேரு திருட்டு."

கையைப் பிடித்து மறுபடி உள்ளே இழுத்துப்போய் அந்தக் குமாஸ்தாவுக்கு அம்மா கொடுத்த பதிலை அச்சில் ஏற்ற முடியாது. அத்தனையையும் அந்தச் சின்னக் குரல் ஒன்றுவிடாமல் சொன்னது. வங்கியே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கணக்கும் அன்றைக்கே தொடங்கப்பட்டது.

அந்த மூலைக் கட்டம் சும்மா வந்துவிடவில்லை. எங்களுக்கும் செய்தி வேண்டும் என்று காது கேளாதோர் சங்கம் வருடக்கணக்கில் அலைந்தது. அமைச்சக வாசலில் வெயிலில் நின்றவர்களில் அம்மாவும் ஒருத்தி. கடைசியில் ஒரே ஒரு சேனல் ஒப்புக்கொண்டது. மற்றச் சேனல்கள் இன்றுவரை கேட்காத காதோடுதான் இருக்கின்றன. அந்த ஒரே கட்டத்தில் நிற்கத் தகுந்த ஆள் யார் என்று பார்த்தபோது மூலை அக்காவைத் தவிர வேறு யாரும் தோன்றவில்லை.

ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஓர் அறை. அறை என்பது மரியாதைக்குச் சொல்வது, உண்மையில் அது துணி மாட்டும் அலமாரிக்குச் சற்றுப் பெரியது. பின்னால் நீலத் துணி, முன்னால் ஒரு கேமரா, காதில் ஹெட்போன். பக்கத்து ஸ்டுடியோவில் பேசுவது பேசியபடியே காதுக்கு வரும், கையில் இறங்கும். மாலை விவாதத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது அவள் உடம்பை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி நால்வராகவும் மாறுவாள். நிகழ்ச்சி முடிந்தால் தோள்பட்டை கழன்றுவிடும்.

செய்தி ஆசிரியர் பயந்த சுபாவம் உள்ளவர். ஆனாலும் கேள்வி கேட்காமல் இருக்க முடியாத வியாதி அவருக்கு. நாட்டுத் தலைவர் கட்டிய பாலங்களைப் பற்றிக் கேட்டார், தலைவரின் மைத்துனரைப் பற்றிக் கேட்டார். எச்சரிக்கை வந்தது. மறுபடியும் கேட்டார். ஒரு வாரம் சேனலே இருண்டு கிடந்தது. திரும்பி வெளிச்சம் வந்தபோது கூடவே அமைச்சகத்திலிருந்து ஓர் ஆலோசகரும் வந்தார். தணிக்கை என்ற வார்த்தையை யாரும் வாய் தவறியும் சொல்லவில்லை. ஆலோசனை, அவ்வளவுதான்.

ஆலோசகர் தங்கமானவர், அதையும் சொல்லிவிட வேண்டும். யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார், தன் தேநீர்க் கோப்பையைத் தானே கழுவி வைப்பார். கன்ட்ரோல் ரூமில் அவருக்கு ஒரு நாற்காலி, முன்னால் ஒரு பொத்தான். நிகழ்ச்சி இப்போதெல்லாம் சற்றுத் தாமதித்துத்தான் வெளியே போனது. தலைவரைப் பற்றி யாராவது தாறுமாறாகப் பேசினால் அந்தத் தாமதத்துக்குள் ஆலோசகர் பொத்தானை அழுத்துவார். படம் ஓடும், சத்தம் மட்டும் போய்விடும். பேசியவர் வாயசைத்துக்கொண்டே இருப்பார், மீன் தொட்டிக்குள் இருப்பவர் மாதிரி.

இதெல்லாம் மூலை அக்காவுக்கு முதலில் தெரியவே தெரியாது. அவள் ஹெட்போனில் வருவது ஸ்டுடியோவின் நேரடிச் சத்தம். மாடி வீட்டு அம்மாள் ஒருநாள் மாடிப்படியில் மறித்துக் கேட்டபோதுதான் விளங்கியது.

"ஏம்மா, நேத்து உங்க சேனல்ல அந்த லாரி சங்கத்துக்காரர் பேசுறப்ப சத்தமே வரலியே. எங்க டிவிதான் போச்சோன்னு வீட்டுக்காரர் தலையில ரெண்டு தட்டு தட்டிட்டார்."

"யார் தலையில?"

"டிவி தலையிலதான்."

அவள் உள்ளே போய் அம்மாவிடம் கேட்டாள். லாரி சங்கத்துக்காரர் என்ன சொன்னார், தலைவரின் மைத்துனர் எந்தச் சாலையில் என்ன வசூலித்தார் என்று அம்மா புட்டுப் புட்டு வைத்தாள். பொத்தான் சத்தத்தைத்தான் அமுக்கியது, கட்டத்தை அமுக்கவில்லை. மூலையில் இரண்டு கைகள் பேசிக்கொண்டிருக்கின்றன என்பது அமைச்சகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களும் காது கேட்கிறவர்கள்தானே, கட்டத்தை எங்கே பார்த்தார்கள்?

அன்றிலிருந்து சில நாட்களுக்கு நாட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. காது கேட்கிறவர்களுக்குத் தெரியாத செய்தி காது கேளாதவர்களுக்குத் தெரிந்தது. மாடி வீட்டு அம்மாள் விவாத நேரத்துக்குக் கீழே இறங்கி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். சத்தம் போனதும் அம்மாவின் முழங்கையைச் சுரண்டுவாள். அம்மா ஜாடையிலும், போதாததற்குத் துணியில் கோடு போடும் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் எழுதியும் விளக்குவாள். இத்தனை வருடம் தன்னைக் கண்டால் பரிதாபமாகச் சிரித்துவிட்டுப் போன பெண்மணி இப்போது கெஞ்சிக் கேட்பதில் அம்மாவுக்குக் கொள்ளை மகிழ்ச்சி.

விஷயம் வெளியே கசியாமல் இருக்குமா? ஆலோசகர் மூலை அக்காவின் அறைக்கே வந்தார்.

"உங்க மேல தப்பில்லைங்க. எங்க கவனக்குறைவு" என்றார். மறுநாள் கேமராவுக்குக் கீழே ஒரு சிவப்பு விளக்கு வைக்கப்பட்டது. அவர் பொத்தானை அழுத்த நினைக்கும்போதே விளக்கு எரியும். எரிந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அவள் ஆசிரியரிடம் போனாள். ஆசிரியர் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

"நீங்க மாட்டேன்னு சொன்னா கட்டத்தையே எடுத்துடுவாங்க, அக்கா. உங்க ஆளுங்களுக்கு இருக்கறது இந்த ஒண்ணுதான்."

அது உண்மை. அவளுடைய வேலை போனால் போகட்டும், கட்டம் போனால் அத்தனை பேருக்கும் செய்தியே கிடையாது. விளக்கு எரிந்தபோதெல்லாம் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். காதில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கக் கை சும்மா இருப்பது அவள் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்தால் அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. அவமானமாகத்தான் இருந்தது.

ஆனால் அதிலும் ஒரு கோளாறு வந்தது. கட்டிய கையைக் காது கேட்கிறவர்களும் கவனிக்கத் தொடங்கினார்கள். அக்கா கையைக் கட்டினால் உள்ளே ஏதோ வில்லங்கம் என்று ஊருக்கே தெரிந்துபோனது. பேருந்தில், பள்ளிக்கூடத்தில், வேண்டாத கேள்வி கேட்டால் ஆட்கள் பேசாமல் கையைக் கட்டிக்காட்டிச் சிரித்தார்கள். சுவரில் யாரோ அவளைப் படமாகவே வரைந்துவிட்டார்கள். ஆலோசகருக்கு மேலிடத்தில் நல்ல டோஸ் கிடைத்திருக்க வேண்டும். கண்கள் உள்ளே போயிருந்தன.

"கையைக் கட்ட வேண்டாங்க" என்றார். "அசைச்சிக்கிட்டே இருங்க. விளக்கு எரியறப்ப வேற ஏதாவது சொல்லுங்க. வானிலை சொல்லுங்களேன். யாருக்கும் கெடுதல் இல்ல."

சொல்லாமல் நிற்பது ஒன்று, பொய் சொல்வது வேறு. நம்பிக் கண் கொட்டாமல் பார்த்திருக்கிறவர்களிடம், பேசுகிறவர் வாய் அசைவதைக் காட்டி, அவர் மழையைப் பற்றிப் பேசுகிறார் என்று சொல்ல வேண்டுமாம். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இந்தக் கட்டடத்தில் அவளைத் தவிர ஒருவருக்கும் சைகை மொழி தெரியாது.

"சரிங்க சார்" என்றாள்.

அன்று மாலையிலிருந்து விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் அவள் கைகள் ஒன்றையே செய்தன. சொன்னதைச் சொன்னபடி சொன்னாள். கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து ஆலோசகர் திருப்தியோடு தலையாட்டினார். ஒரே ஒரு சங்கடம். சைகை மொழியில் பாதி வேலை முகத்துக்கு. சோகத்தைச் சிரித்த முகத்தோடு சொல்ல முடியாது.

"வானிலைக்கு ஏங்க முகத்தை அப்படி வச்சிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டார்.

"வெள்ளம் சார்" என்றாள் அவள்.

"ஓ, ஆமாமா" என்று வருத்தத்தோடு போய்விட்டார்.

காதும் காதும் வைத்த மாதிரி என்று நாம் சொல்வோமே, அதை அந்த மக்கள் கையும் கையும் வைத்த மாதிரிச் செய்தார்கள். மாடி வீட்டு அம்மாளிடம்கூட அம்மா வாய்திறக்கவில்லை. "வானிலைதான்" என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக் காட்டிவிட்டுத் தன் தையலைப் பார்த்தாள்.

அந்த நர்ஸ் வராமல் இருந்திருந்தால் இது இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்குமோ. அரசு மருத்துவமனை நர்ஸ் அவர். எதைப் பற்றியோ பேசக் கூப்பிட்டார்கள், உட்கார்ந்ததும் அவர் வேறொன்றைப் பேசினார். மருத்துவமனையின் புதுக் கட்டடத்தைத் திறக்கத் தலைவர் வந்த நாளில் பழைய வார்டில் இருந்த சுவாசக் கருவிகளைக் கழற்றிப் புதுக் கட்டடத்தில் வரிசையாக வைத்தார்கள், புகைப்படத்துக்காக. பழைய வார்டில் இரண்டு பேர் மூச்சுக்குத் திணறினார்கள். கருவியைத் திருப்பிக் கொடுங்கள் என்று நர்ஸ் ஓடிப்போய்க் கேட்டார். தலைவர் கிளம்பட்டும் என்றார்கள். தலைவர் நிதானமாகக் கிளம்பினார். அதற்குள் இருவரும் போய்விட்டார்கள்.

பேச்சு தொடங்கியதுமே விளக்கு எரிந்தது. கடைசி வரை அணையவில்லை. மூலை அக்கா அழுதுகொண்டே கையை அசைத்தாள்.

சிலவற்றை மனத்துக்குள் வைத்துக்கொண்டிருக்க முடிவதில்லை. மறுநாள் அம்மாவின் தையல்கூடத்துக் காது கேளாத இளம்பெண்கள் கொஞ்சம் பேர் மருத்துவமனை வாசலில் போய் நின்றார்கள். கையில் பலகை. "மூச்சுக் கருவி எங்கே போனது?" காது கேட்கிற ஒருவர்கூடக் கேட்காத பேச்சு காது கேளாதவர்களின் பலகையில் எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

ஆலோசகர் கத்தவில்லை, யாரையும் குற்றம் சொல்லவில்லை. முறைப்படி போனார். காது கேளாதோர் சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினார்: பொறுப்பான ஒருவர் வரட்டும், பதிவைப் பார்த்து அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று சொல்லட்டும். சங்கத்தில் அந்த வருடத் தலைவி அம்மா. அம்மாவையே அனுப்பினார்கள். சரி, அம்மா கையால் சொல்வதை ஆலோசகருக்கு வாயால் சொல்வது யார்? அந்த யோசனை வந்தபோது பொழுது விடிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் மூலை அக்காவையே கூப்பிட்டார்கள். திருடனைப் பிடிக்கத் திருடனிடமே விளக்கைக் கொடுத்த கதைதான். இருவரும் தாயும் மகளும் என்பது ஆசிரியருக்குத் தெரியும். அவர் தன் பேனாவைக் கழற்றி மாட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

காலையில் கிளம்பும்போதே மகள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

"வானிலைன்னு சொல்லிடும்மா. என்னை விடு, கட்டம் இருக்கணும்."

அம்மா கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்திவைத்தாள். பிறகு, "சரி. கட்டத்துக்காக" என்றாள்.

கூட்ட அறையில் நீள மேஜை, மறுகோடியில் ஒரு தொலைக்காட்சி. பதிவை ஓட்டினார்கள். கட்டத்துக்குள் மகள் அழுதபடி கையை அசைத்துக்கொண்டிருந்தாள். நேற்று முன்தினம் வீட்டில் பார்த்துத் தேம்பியதை அம்மா இன்று கல் மாதிரி உட்கார்ந்து பார்த்தாள்.

"இந்த இடத்துல என்ன சொல்றாங்கன்னு கேளுங்க" என்றார் ஆலோசகர்.

மகள் கேட்டாள். அம்மாவின் கைகள் தயங்கித் தயங்கி எழுந்தன.

"மழை வரும்னு சொல்றா" என்று மகள் அதை வாயால் சொன்னாள். "கரையோரத்துல இருக்கறவங்க ஜாக்கிரதையா இருக்கணுமாம்."

ஆலோசகர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. அவர் கெட்டவர் இல்லை என்று முதலிலேயே சொன்னோம். மூலை அக்காவின் வேலை பிழைத்ததில் அவருக்கும் சந்தோஷம்தான். ஆசிரியர் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டே, சும்மா பேச்சுக்குச் சொன்னார்.

"நல்லதாப் போச்சு. அவங்களுக்கு எதுக்கு சார் அரசியலெல்லாம்? மழை வெயில் தெரிஞ்சா போதாதா?"

இதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால் விசாரணை அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் அறையில் ஒருவர் பேசினால் அவள் கை எழும். மூச்சு விடுவது மாதிரி அது தானாக நடப்பது. கடைசிச் சொல் விரலை விட்டுப் போன பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரிந்தது.

அம்மா ஆலோசகரைப் பார்த்தாள். அவருடைய சிரிப்பைப் பார்த்தாள். மறுகோடித் திரையில் உறைந்து நின்ற கட்டத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். உட்கார்ந்தபடி சொன்னால் கைக்கு இடம் போதாது.

"இவ மழையைச் சொல்லல" என்றன அம்மாவின் கைகள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் ஆலோசகர். சிரிப்பு இன்னும் போகவில்லை.

மகள் நினைத்தால் மாற்றிச் சொல்லிவிடலாம். நன்றி சொல்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். தண்ணீர் கேட்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். அந்த அறையில் எது சொன்னாலும் அதுதான் உண்மை, கண்டுபிடிக்க ஆள் கிடையாது. வேலை இருக்கும், கட்டம் இருக்கும், நாளைக்கும் விளக்கு எரியும்போது எல்லாவற்றையும் சொல்லலாம். அம்மா அவளைப் பார்க்கவில்லை. அவள் சொல்லமாட்டாளோ என்ற சந்தேகமே அந்த முகத்தில் இல்லை.

"இவ மழையைச் சொல்லல" என்றாள் மகள். அம்மாவின் கைகள் மேலே போயின, குரலும் கூடவே போனது. "நர்ஸ் சொன்னதைச் சொல்றா. நர்ஸ் சொன்னது என்னன்னு உங்களுக்கும் சொல்றேன், கேட்டுக்குங்க."

ஆசிரியரின் பேனா நின்றது.

"நான் அன்னைக்குப் பழைய வார்டுல இருந்தேன்" என்று அம்மா நர்ஸாக மாறிச் சொன்னாள். சைகை மொழியில் அப்படித்தான், யார் பேசுகிறார்களோ அவர்களாகவே ஆகிவிட வேண்டும். மகளும் ஆனாள். "நான் பழைய வார்டுல இருந்தேன். ஆளுங்க வந்து கருவியெல்லாம் கழட்டினாங்க. ஏன்னு கேட்டேன். போட்டோவுக்குன்னாங்க. கடைசிக் கட்டில்ல ஒரு பெரியவர் என் கையைப் பிடிச்சிக்கிட்டார்."

ஆலோசகரின் சிரிப்பு போய்விட்டது. பொத்தானுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் இதை ஒருமுறை அமுக்கியிருக்கிறார். முதல் வரியிலேயே அமுக்கிவிட்டதால் இதற்குமேல் அவர் கேட்டதில்லை. இப்போது ஒன்றுவிடாமல் வந்து விழுந்தது. பெரியவர் பிடித்த கை, நர்ஸ் ஓடிய நடைபாதை, வாசலில் நின்ற கார்கள், தலைவர் கிளம்பட்டும் என்றவரின் பெயர், பதவி.

"போதும்" என்றார் அவர். யாரும் கேட்காத அளவுக்கு மெல்லிய குரல். பிறகு சற்று உரக்க, "போதும், நிறுத்தச் சொல்லுங்க."

மகள் அதையும் அம்மாவுக்குச் சொன்னாள்.

அம்மா அவர் பக்கம் திரும்பி, சின்னதாகக் கையை அசைத்தாள்.

"இன்னும் முடியல" என்றாள் மகள்.

அம்மாவின் கைகள் மறுபடி மேலே எழுந்தன. மகள் மூச்சை இழுத்துக்கொண்டு தொடர்ந்தாள்.